காளையின் காலடியில் ஒரு முகம்

சுருளித் தீர்த்தத்தில் முழுகி, ஈரவேட்டியோடு சூடம் அணைத்துச் சொல்லலாம்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

முப்பத்தாறாம் வருஷம் மதுரைக் கலெக்டர் கச்சேரி வாசலில், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கிற வெள்ளைக்கார முத்திரையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒத்தப்புளிப்பட்டி ஜமீன்தாருக்குத் தூக்கம் போயிற்று. போடியிலிருந்து ஞானதுரை என்ற ஓவியரை வரவழைத்தார். தமக்கும் ஒரு கொடி வேண்டும். அதில் பட்டத்துக்காளை நிற்க வேண்டும். குளம்புக்குக் கீழே பகையாளி கிடக்க வேண்டும். சொல்லிக்கொள்ளும்படி பகையாளி யாரும் வாய்க்காததால், வாய்க்காலில் மடை திறக்கும் ஒச்சாண்டியைப் படுக்க வைத்தார்கள். ஒச்சாண்டிக்கும் பெருமைதான். "அந்தா பறக்குறது நாந்தேன்" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவன் மகள் மொக்கம்மாளைப் பெண் பார்க்கக் கெங்குவார்பட்டியிலிருந்து வந்தவர்கள் கொடியையும் பார்த்தார்கள், ஒச்சாண்டியையும் பார்த்தார்கள். காப்பித்தண்ணியைத் தொடவில்லை.

"மிதிபட்டவன் வீட்டுல எப்பிடிக் கை நனைக்கிறது?" என்றான் மாப்பிள்ளையின் அப்பன்.

ஒச்சாண்டி அரண்மனைக்கு ஓடினான். "சாமி, மொகத்த மட்டும் அழிச்சுருங்க."

"அழிச்சா, காளை எதும்மேலடா நிக்கும்? வேற மொகம் கொண்டா" என்றார் ஜமீன்தார்.

ஊரில் எவனிடம் கேட்டாலும் செருப்பைக் கழற்றுவான். படு என்றால் படுக்கக்கூடியவன் மனைவியின் தம்பி அம்மாவாசி ஒருவன்தான்.

"அக்கா மகளுக்குத்தான மச்சான்? படுத்தாப் போச்சு" என்று அம்மாவாசி துண்டை உதறி விரித்தான்.

ஞானதுரை தூரிகையைக் கீழே வைத்தார். "சிரிச்ச மொகமா இருக்கே. கொஞ்சம் வலிக்கணுமே."

மிதிக்க வந்த அரண்மனை ஆளை விலக்கிவிட்டு ஒச்சாண்டியே மைத்துனன் கழுத்தில் காலை வைத்தான். சொந்தக் கால் என்றால் பதமாக இருக்கும் என்று நினைத்தான். முகம் அமைகிறவரை காலை எடுக்க ஓவியர் விடவில்லை.

புதுக்கொடி ஏறியதும் கெங்குவார்பட்டிக்குச் சொல்லியனுப்பினான். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இது ஆரு?"

"நாந்தேன். பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றான் அம்மாவாசி, கழுத்தைத் தடவிக்கொண்டே. மகிழ்ச்சியாகத்தான் சொன்னான்.

மணவறையில் தாய்மாமன் முன்னால் நிற்காமல் தாலி ஏறாது என்பது ஒச்சாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி திரும்பிவிட்டது.

மொக்கம்மாள் வெளியே வந்து அண்ணாந்து நின்றாள். காற்று விழுந்து கொடி சுருண்டது. காளை மடிப்புக்குள் போய்விட, மாமனின் திறந்த வாய் மட்டும் மேலே தெரிந்தது.

ஒத்தப்புளிப்பட்டிக்காரர்கள் என்றைக்கும் நிலவரியை நேரே சர்க்காருக்குத்தான் கட்டினார்கள். அந்த ஊருக்கு ஜமீன் என்று ஒன்று இருந்ததே கிடையாது.