நீராவிக் குழாய்

மாடியில் அண்ணன் குடியிருந்தார். கீழே தங்கையின் சலவைக்கடை. அப்பா விட்டுப்போன கட்டடம், இருவருக்கும் பாதிப் பாதி. அண்ணியின் நுரையீரல் கெட்ட பிறகுதான் தகராறு தொடங்கியது. கடை பாய்லரின் நீராவிக் குழாய் முன்சுவரில் ஏறி, அண்ணி படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே முடிந்தது. பகல் முழுக்க ஈரமும் சோப்பு வாடையும் உள்ளே போயின. பாய்லரையே நிறுத்தச் சொன்னார் அண்ணன். நிறுத்தினால் கடையை மூட வேண்டியதுதான், வேலை செய்யும் நான்கு பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாள் தங்கை.

கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கலாமே என்று தெரிந்த வக்கீலம்மா ஒருவர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மூன்று முறை பேசினார்கள். மூன்று முறையும் குழாயில் தொடங்கிய பேச்சு, ஆறு வருடத்துக்கு முன் தங்கையின் கணவன் இறந்ததில் போய் முட்டியது. பதினெட்டு நாள் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அண்ணன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பதிலுக்கு அவர், தன் கல்யாணத்தன்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதை எடுப்பார். வக்கீலம்மா பேனாவை மூடிவிடுவார்.

நான்காம் முறை அண்ணன் டிரைவர் சீருடையோடு நேராக பஸ் டிப்போவிலிருந்து வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. முந்தின நாள் அண்ணிக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். தங்கைக்குத் தெரியும். படியில் ஸ்ட்ரெச்சர் இறங்கியபோது கடை வாசலில்தான் நின்றிருந்தாள். கிட்டே போகவில்லை. அந்த உறுத்தலோ என்னவோ, வாய் முந்திக்கொண்டது.

"என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவிச்சப்ப நீ எங்கண்ணா இருந்தே?"

கல்யாணக் கதை வரும் என்று காத்திருந்தாள். அவர் தொப்பியை மடியில் வைத்து வெறுமனே தடவிக்கொண்டிருந்தார்.

"வரலை. வந்திருக்கணும். மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரு வார்த்தை தடிச்சுப் போச்சு, வீம்பா இருந்துட்டேன். தப்புதான். அதுக்கு இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா. செய்யறேன்."

ஆறு வருடமாக அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, கேட்டு வாங்க அதில் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வந்தது நிம்மதி இல்லை. பயம் மாதிரி இருந்தது. வக்கீலம்மா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அவள் குடிக்கவில்லை.

"குழாயைப் பின்பக்கம் திருப்பிடலாம்," என்றாள் கடைசியில். "ஆனா அங்க உன் வண்டி ஷெட்டு இருக்கு."

"பிரிச்சுடறேன்."

"வேலை முடியற வரைக்கும் பாய்லரைப் போடலை."

வக்கீலம்மா எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

பத்தாம் நாள் அண்ணி வீடு திரும்பினாள். இருமல் முழுக்க நிற்கவில்லை, ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்க முடிந்தது. அண்ணனும் தங்கையும் இப்போது தண்ணீர் மோட்டார், கேட்டுப் பூட்டு என்று இரண்டொரு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். அதற்கு மேல் இல்லை. துணி தேய்க்கும்போது சில நேரம் அந்தப் பழைய கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிடும். மேலே அண்ணன் நடக்கும் சத்தம் கேட்கும். விழுங்கிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள்.