ஒரு மணி நேரக் குரல்

ஷர்லியை நேரில் பார்த்தவர்களைவிட அவள் குரலைக் கேட்டவர்கள் அதிகம். மீன் வண்டி, வெங்காய வண்டி, பழைய இரும்பு எடுக்கிற வண்டி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, யாராவது இறந்துபோனால் தெருத்தெருவாகப் போகிற ஆட்டோ என்று பதினோரு வருஷமாகப் புதுக்கோட்டை வட்டாரத்தில் ஒலிபெருக்கிகளுக்கு அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டையில் ஆனந்தராஜ் என்பவரின் ஸ்டூடியோவில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பேசி, பின்னால் இசை சேர்த்து, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பாள். கணவன் மரியசெல்வம் குட்டியானை வண்டி வைத்து லோடு ஓட்டினான். வீடு கீரனூரைத் தாண்டி, திருச்சி ரோட்டின் ஓரத்திலேயே இருந்தது. மகள் அன்புமொழி இரண்டாம் வகுப்புப் படித்தாள்.

போன வருஷம் ஷர்லிக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்து ரேடியேஷன் கொடுத்தார்கள். சில மாதம் குரல் கம்மியிருந்து, பிறகு திரும்பி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் திருச்சியில் டாக்டர் மறுபடியும் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி திரும்பி வந்திருக்கிறது, இனிக் குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைக்கும் என்றார். கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடலாம், வாயால் வழக்கம்போலச் சாப்பிடலாம், எல்லா வேலையும் செய்யலாம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பேச்சைக் கடைசியில்தான் எடுத்தார். கருவி வைத்துப் பேசப் பழகிக்கொள்ளலாம். ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது. ஆபரேஷனுக்கு இருபத்தொன்பதாம் தேதி குறித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மரியசெல்வம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். ஷர்லி அழவில்லை. கீரனூர் வருகிற வரைக்கும் கையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். இறங்கியதும் அவனிடம் காட்டினாள். ஒன்று முதல் நூறு வரை, கிழமைகள், ஊர்ப் பெயர்கள், மீன் பெயர்கள், காய்கறிகள், "அன்பார்ந்த பொதுமக்களே", "காலமானார்", "நல்லடக்கம்".

"இதையெல்லாம் பேசி எடுத்து வச்சிரணும்ங்க. அப்புறமா வெட்டி ஒட்டிக்கலாம். நான் பேசாட்டியும் எங் குரலு வேலைக்குப் போகட்டும்" என்று கிசுகிசுத்தாள்.

பழைய பதிவுகள் எதுவும் உதவாது. அவை எல்லாம் இசை கலந்தவை. தனிக்குரல் இருந்த கம்ப்யூட்டர் ஆனந்தராஜிடம் எப்போதோ பழுதாகிப் போயிருந்தது. அவர் ஸ்டூடியோவுக்கே போய்ப் பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவளுக்கு இப்போது விடியற்காலை எழுந்ததும் ஒரு மணி நேரம்தான் குரல் தெளிவாக இருந்தது. ஆறரை மணிக்கு மேல் கரகரக்கத் தொடங்கி, மத்தியானத்துக்குள் காற்று மட்டும்தான் வரும். ஆனந்தராஜ் ஆலங்குடியிலிருந்து வந்து பதினொரு மணிக்குத்தான் கடை திறப்பார். போனில் பேசும்போது, இப்போது குரலைக் கற்றுக்கொண்டு அதே மாதிரி பேசுகிற கம்ப்யூட்டர் வசதியெல்லாம் வந்திருக்கிறது, அதற்கும் சத்தம் கலக்காத சுத்தமான பதிவு வேண்டும் என்றார். எப்படிப் பார்த்தாலும் வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ வேண்டும். ஆபரேஷனுக்கு ஒதுக்கியது போகக் கையில் பதினைந்தாயிரம் இருந்தது.

மரியசெல்வம் இரண்டு நாள் யூடியூப் பார்த்தான். கண்டன்சர் மைக்தான் தொழில்முறைக் குரலுக்கு ஏற்றது, மூச்சுக்கூடத் துல்லியமாக விழும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்டாண்டு, வடிகட்டி, பஞ்சுத் தொப்பி எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு செட் ஆன்லைனில் இருந்தது. படத்தில் பார்க்க ஸ்டூடியோவில் இருப்பது மாதிரியே இருந்தது. ஆர்டர் போட்டான். வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு காலைகளும் அவள் வாய் திறக்காமல் காத்திருந்தாள்.

வந்த மறுநாள் ஐந்து மணிக்கு வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி உட்கார்ந்தார்கள். முதல் பத்து எண்களைச் சொல்லிவிட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். குரல் அழகாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் அதோடு திருச்சி பஸ்ஸின் ஹாரன், பக்கத்துத் தோட்டத்து மோட்டார், பால்காரர் வண்டி, பிரிட்ஜ் முனகல், அன்புமொழி தூக்கத்தில் புரண்டது எல்லாம் அதே அழகோடு விழுந்திருந்தன. ஜன்னலில் மெத்தை சாத்தினார்கள். பிரிட்ஜை அணைத்தார்கள். பஸ்ஸை என்ன செய்வது? ஒரு சொல்லை எட்டுத் தடவை சொல்லி ஒரு தடவை தேறியது. மூன்றாம் நாள் மார்கழி பிறந்தது. நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள். பாட்டு ஆறரைக்கு நின்றபோது ஷர்லியின் குரலும் நின்றிருந்தது.

மரியசெல்வம் கோயிலுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தான். நிர்வாகி நல்ல மனிதர்தான். பாதியாகக் குறைத்து வைக்கச் சொன்னார். பாதிச் சத்தமும் அந்த மைக்குக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்று இரவு சண்டை வந்தது. மிச்சப் பணத்துக்கு அறை முழுக்கச் சத்தம் தடுக்கும் பஞ்சு ஒட்டிவிடலாம் என்றான் அவன். ரோட்டு மேலே வீட்டை வைத்துக்கொண்டு பஞ்சு ஒட்டி எந்த லாரியை நிறுத்தப் போகிறீர்கள் என்று கிசுகிசுப்பாகக் கேட்டாள். பேசி ஆற்றமாட்டாமல் தட்டைத் தள்ளினாள். கோபத்தில்கூடக் குரலைச் செலவழிக்கப் பயப்படுகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்டான். ஆபரேஷனுக்கு மீதி பன்னிரண்டு காலைகள் இருந்தன.

வழக்கமாக அவளிடம் பேச்சு வாங்குகிற மீன் வியாபாரி அடைக்கலம்தான் மீமிசலில் ஒருவர் பாட்டு சேனல் நடத்தி, ஓடாமல் சாமான்களை விற்கிறார் என்று எண் கொடுத்தார். மரியசெல்வத்துக்கு அன்று கல் லோடு இருந்தது, விட முடியாது. ஷர்லி தனியாகவே புதுக்கோட்டை போய், அறந்தாங்கி மாறி, மீமிசல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

நாகராசு என்ற அந்த மனிதரின் ஸ்டூடியோ, மீன் இறங்குகிற இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே முட்டைத் தட்டுகள் ஒட்டிய ஒரு மூலை. வெளியே ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு மைக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று கண்டன்சர், புதிது மாதிரி பளபளத்தது, விலையும் குறைவு. இன்னொன்று மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற டைனமிக் மைக், வலையெல்லாம் நசுங்கியிருந்தது. கூடவே மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சிறு பெட்டி ஒன்று.

இரண்டிலும் பேசிப் பார்க்க வேண்டும் என்று சைகை காட்டினாள். கண்டன்சரில் ஏலக்காரர் பக்கத்தில் நின்று கத்துவது போலக் கேட்டது. நசுங்கிய மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்து, மிச்சமிருந்த காற்றில் "வஞ்சிரம்" என்றாள். ஹெட்போனில் அந்தக் கரகரப்பு மட்டும் கேட்டது. ஏலம் சுவருக்கு அப்பால் எங்கோ போய்விட்டது.

"அது பக்கத்துல இருக்குறத மட்டுந்தாம்மா கேக்கும். தள்ளிப் போனீங்கன்னா ஒங்களையே கேக்காது" என்றார் நாகராசு. "கொஞ்சம் கெய்னு, அதான் பதிவு சத்தத்த, ஏத்தணும். ஏத்துனா உஸ்ஸுன்னு ஒரு எரைச்சல் வரும். ஒட்டிப் பேசுனா அதுவும் தெரியாது."

மைக், பெட்டி, ஹெட்போன் மூன்றுக்கும் பன்னிரண்டாயிரம் கேட்டார். அவளிடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. குறைக்க அவரும் தயாராக இல்லை. அவருக்கும் என்ன பண முடையோ. ஹெட்போனை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் ஒன்பதாயிரத்துக்கு முடித்தாள். கேட்பதற்குச் செல்போன் இயர்போன் போதும் என்று முடிவு செய்தாள். கட்டிக் கொடுக்கும்போது, யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டார். தன்னைக் காட்டினாள்.

"தொண்டை இப்புடிக் கட்டியிருக்கே. நல்லா சரியானப்புறம் பாடுங்கம்மா. அவசரப்படாதீங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்பில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் முதல் தடவையாக அழுதாள். பக்கத்தில் கூடையோடு இருந்த ஒரு பெண் என்ன ஏது என்று கேட்டாள். பதில் சொல்லக் குரல் இல்லை.

மறுநாள் காலை பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, உள்ளே தொங்கிய சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, மேலே ஒரு போர்வையைப் போட்டுப் பேசினாள். மரியசெல்வம் வெளியே இயர்போனோடு உட்கார்ந்து, தேறியதைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தான். பதிவில் கோயில் பாட்டு இல்லை. பஸ் வந்தால் லேசான உறுமல், அவ்வளவுதான். அன்று முந்நூறு சொற்கள் முடிந்தன. அவன் போர்வையை விலக்கியபோது அவள் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தாள், சிரித்தாள்.

அடுத்த நாள் ஐம்பது நிமிஷம். அதற்கடுத்த நாள் நாற்பது. கரகரப்பு ஒவ்வொரு காலையும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. ஊர்ப் பெயர்களை முடித்தார்கள். "காலமானார்" என்பதை மட்டும் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருந்தது. முதல் எட்டுத் தடவையும் ஏதோ ஒரு லாரி வந்தது. ஒன்பதாவது தடவை லாரி வரவில்லை, அவளுக்கு இருமல் வந்தது. பத்தாவதில் தேறியது. அவன் அதைப் பட்டியலில் அடித்தான்.

ஐந்தாம் நாள் பதினைந்து நிமிஷத்திலேயே குரல் நடுங்கத் தொடங்கியது. மரியசெல்வம் பட்டியலை மூடி வைத்தான். போதும், மிச்சத்தை அன்புமொழிக்குப் பேசு என்றான். அவள் பெரியவளானால் கேட்க, கல்யாணத்தில் கேட்க, ஏதாவது நாலு வார்த்தை.

ஷர்லி போர்வையைத் தூக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நான் என்ன செத்தா போறேன்? அவ கல்யாணத்துக்கு நான் உக்காந்திருப்பேன்ல. அவகிட்ட எழுதிப் பேசிக்கிருவேன், கையக் காட்டிப் பேசிக்கிருவேன். இது வேலைக்கு. லிஸ்ட எடுங்க."

எடுத்தான். கிழமைகள் மிச்சம் இருந்தன. திங்கள், செவ்வாய், புதன் வந்தது. வியாழக்கிழமையின் கடைசி எழுத்து உடைந்தது. இரண்டாம் தடவை நன்றாக வந்தது. வெள்ளிக்கு வாய் திறந்தபோது காற்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் ஐந்து மணிக்கு எழுந்து பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் அன்று மாதா கோயிலில் எல்லோரும் பாடும்போது வாயை அசைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜனவரிக் கடைசியில் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் துணி கட்டியிருந்தாள். முதல் வாரம் அன்புமொழி கிட்டே வரப் பயந்தாள். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா எழுதுவதை எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் அவளுக்கு நேரம் பிடித்தது.

கம்ப்யூட்டரில் குரலைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அது பேசியது, தப்பும் இல்லை. ஆனால் செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது. ஷர்லி வேண்டாம் என்று தலையசைத்தாள். வெட்டி ஒட்டவே உட்கார்ந்தாள். ஒரு நிமிஷ அறிவிப்புக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது. ஜவுளிக்கடைக்காரர் காத்திருக்கவில்லை, போனிலேயே இலவசமாகப் பேசுகிற குரலுக்கு மாறிவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு தேவைப்பட்ட நான்கைந்து வேலைகளை ஒத்துக்கொள்ள முடியாமல் போனது.

பிப்ரவரியில் அடைக்கலம் வந்தார். வழக்கமான மீன்களோடு இந்தத் தடவை நண்டும் கொண்டு போவதாகச் சொன்னார். ஷர்லியும் மரியசெல்வமும் பட்டியலை முழுக்கத் தேடினார்கள். வஞ்சிரம் இருந்தது, சங்கரா இருந்தது, மத்தி, இறால், கணவாய், கருவாடு இருந்தன. நண்டை எழுதவே மறந்திருந்தார்கள். மரியசெல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். நண்டை விட்டுவிடச் சொல்லி அடைக்கலத்திடம் கேட்கலாம் என்றான்.

ஷர்லி அவனை நகரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "நண்பர்களே" என்பதில் முதல் துண்டை வெட்டினாள். "இரண்டு" என்பதில் கடைசித் துண்டை வெட்டினாள். சேர்த்துப் போட்டால் நடுவில் விக்கல் எடுத்தது போல இருந்தது. கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் நண்டு என்ற ஒரே சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அடைக்கலம் வண்டியிலேயே போட்டுக் கேட்டார். ஒரு தடவை முழுக்கக் கேட்டுவிட்டு, இரண்டாம் தடவை நண்டு வருகிற இடத்தில் தலையைச் சாய்த்தார்.

"நண்டு மட்டும் கொஞ்சம் இடிக்குதேம்மா."

ஷர்லி நோட்டில் எழுதிக் காட்டினாள். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை; மரியசெல்வம் படித்துச் சொன்னான். இன்னும் இரண்டு நாள் கொடுத்தால் சரி செய்து தருவதாக எழுதியிருந்தாள். அடைக்கலம் யோசித்தார். இருக்கட்டும், இன்றைக்கு இதையே ஓட்டுகிறேன், நாளை மறுநாள் வந்து நல்லதை வாங்கிக்கொள்கிறேன் என்று வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி ரோட்டில் ஏறித் திரும்பும் முன்பே ஷர்லி உள்ளே போய் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.