இருபத்தொன்றில் ஒரு கோடு

"உங்க அக்கா வீட்டுல சூரியனே உதிக்கிறதில்லையா?" என்று பக்கத்து மேசைக்காரன் கேட்டபோது, அவள் கோப்பையைக் கழுவிவிட்டு ஈரக்கையோடு நின்றிருந்தாள்.

அவன் அவளுடைய திரையைக் காட்டினான். சோதனைக்குக் கிடைத்த மற்ற வீடுகளின் வெப்பக் கோடுகள் அடுப்பு எரிந்தால் ஏறி, ஜன்னல் திறந்தால் இறங்கி, குழந்தை கிறுக்கியதுபோல் ஓடின. அக்கா வீட்டுக் கோடு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது.

"அவ எங்கயும் போறதில்ல. அதான்."

"அதுக்காக அடுப்புகூடவா பத்த வைக்க மாட்டாங்க?" சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

அந்தக் கோடுகளை வரையும் கணினி நிரலை எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் ஒரு வெக்டர். நிமிடத்துக்கு ஓர் இடமாக நீண்டு கிடக்கும் எண்களின் வரிசை. வெறும் இடம் இருந்தால் சராசரிக் கணக்கு தடுமாறும் என்று, அளவுகள் வந்து சேருமுன் எல்லா இடத்தையும் ஒரே எண்ணால் நிரப்பி வைத்திருந்தாள். ஒற்றை வரி வேலை. இருபத்தொன்று. யாருக்கும் குளிராத, யாருக்கும் புழுங்காத டிகிரி. வீட்டிலிருந்து உண்மையான அளவு வர வர அது அழிந்துவிடும். வராவிட்டால் அப்படியே நிற்கும்.

அக்காவோடு சண்டை என்று எதுவும் இல்லை. பேச விஷயம்தான் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாகப் போயிருந்தபோது வெப்பத்தை அளந்து அனுப்பும் சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தாள். "நீ பேசாட்டியும் உன் பெட்டியாவது பேசட்டும்" என்று அக்கா அப்போதே குத்தினாள். அதன்பின் இவள் தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்பாள். இருபத்தொன்று. நன்றாகத்தான் இருக்கிறாள். போன் நாளைக்குப் பண்ணிக்கொள்ளலாம்.

நிரப்பும் வரியை எடுத்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாள். அக்கா வீட்டுக் கட்டத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அக்காவுக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தாள். அந்த வீட்டின் எந்த அறையில் அது ஒலிக்கிறது, யார் காதில் விழாமல் ஒலிக்கிறது என்று நினைத்தபடியே மறுபடி எண்ணை அழுத்தினாள். மூன்றாம் முறை எடுத்தார்கள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

"அடேயப்பா! மழைதான் கொட்டப்போகுது."

"ஏன் எடுக்கல?"

"குளிச்சிட்டிருந்தேன். அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணுமோ?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தப் பெட்டி வேலை செய்யலையா?"

"எப்பவோ புடுங்கி டிராயர்ல போட்டுட்டேன். அது சத்தமில்லாம போனா, என்னாச்சுன்னு நீ கேப்பேன்னு பார்த்தேன்."

"எனக்குத் தெரியலக்கா. நீ நல்லா இருக்கேன்னுதான் இங்க காட்டிச்சு."

"யார் சொன்னா அப்படி?"

அவள் திரையைப் பார்த்தாள். "நான்தான்."

அக்கா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "சரி, மாட்டித் தொலைக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

வெள்ளைக் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி விழுந்தது. பதினாறு. இவ்வளவு குளிரிலா இருக்கிறாள்? அடுத்த நிமிடமும் பதினாறு. பிறகு பதினெட்டு, இருபத்துமூன்று, இருபத்தெட்டு. எந்த அடுப்பும் ஒரு வீட்டை இத்தனை வேகமாகச் சூடாக்காது. குளித்துவிட்டு வந்த உள்ளங்கையைப் பெட்டிமேல் பொத்திக்கொண்டு அக்கா சுவரோரம் நிற்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

முப்பதில் சற்று நேரம் நின்றன புள்ளிகள். அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. அவற்றுக்கு இடப்புறம், கடந்துபோன நாட்கள் முழுதும் வெள்ளையாகக் கிடந்தன.