சேங்கொட்டை வைத்த சேலைகள்

இருக்கும்போது எட்டிப் பார்க்காதவர்கள், செத்த பிறகு துணிமணிக்கு வந்து நிற்கிறார்கள். இந்தக் காலத்து மனிதர்களின் லட்சணம் இதுதான் என்று சொல்ல ராஜப்பன் யாரிடமும் தயங்கியதில்லை. பெற்ற மகளிடமே சொன்னார்.

"உங்கம்மா இருந்தப்ப ஓசூர்ல இருந்து இங்க வர பஸ்ஸே இல்லாத மாதிரி இருந்த. இப்ப சேலைக்கு மட்டும் பஸ் வந்துருச்சா?"

மகள் சுகுணா ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அம்மா சாலம்மாள் நெஞ்சு வலிக்கிறது என்று களத்துமேட்டில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கருமாதி அன்று இறந்தவர்களின் துணியை வெளுப்பவருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். சுகுணா ட்ரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, தர மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பழைய சேலைகளைத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டுப்போட்டு, கனமான போர்வையாகத் தைத்திருந்தார்கள்.

"காரிமங்கலத்துல ரஹமத் பீவின்னு ஒருத்தங்க தெக்கறாங்கப்பா. கொண்டு போயிக் குடுங்க. அம்மா பக்கத்துல படுத்த மாதிரி இருக்கும்."

"வெட்டிப்புட்டா எது நம்முது, எது சந்தையில வாங்குனதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

ராஜப்பனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒருமுறை தன் மரத்து இலவம்பஞ்சைத் தருமபுரியில் ஒரு மெத்தைக்காரனிடம் கொடுத்தார். திரும்பி வந்த மெத்தையை ஒரு மூலையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே மில் கழிவு. அதிலிருந்து கண்ணெதிரில் நடக்காத வேலை எதையும் அவர் ஏற்றுக்கொள்வதில்லை. சேலைகளும் அப்படியே போய்விட்டால்? சாலம்மாள் விட்டுப் போனது அந்த ஒரு பெட்டிதான். மகள் யாரோ ஒருத்தியின் கந்தலைப் போர்த்திக்கொண்டு அம்மா அம்மா என்று அழுவாள்.

சுகுணா ஓசூருக்குப் போனதும் அவர் ஒரு காரியம் செய்தார். நாட்டுமருந்துக் கடையில் சேங்கொட்டை வாங்கி வந்தார். துணி வெளுப்பவர்கள் வீட்டுக்கு வீடு அடையாளம் தெரிய அந்தக் கொட்டையின் பாலைத்தான் துணி மூலையில் புள்ளியாக வைப்பார்கள். எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. ஆனால் அது மேலே பட்டால் தோல் கொப்புளித்துவிடும். அதனால் புள்ளி வைத்த கையோடு சுண்ணாம்பு தடவி அதன் காரத்தை அடக்குவார்கள். ராஜப்பன் தன் கையில் மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டார். சேலைக்குச் சுண்ணாம்பு தடவவில்லை. தடவினால் வெள்ளைத் தடம் தெரிந்து, குறி வைத்திருப்பதைக் கண்டுகொள்வார்கள் என்று நினைத்தார். எப்படி வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு புள்ளியாவது இருக்கும்படி, ஈர்க்குச்சியால் சாணுக்கு ஒன்றாகக் கடுகளவு வைத்துக்கொண்டே போனார். ஒன்பது சேலைக்கும் வைத்து, இறுக்கி மூட்டை கட்டினார்.

காரிமங்கலத்தில் ரஹமத் பீவியின் வீட்டு முன்கட்டு முழுக்கத் துணிதான். தையல் கடைகளில் வாரி வந்த ஜாக்கெட் பிட்டுகள், நைட்டித் துண்டுகள், சந்தையில் எடைக்கு வாங்கிய பழைய சேலைகள். நடுவில் விரித்த பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். அவள் மகள் நஜ்மா மூலையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வேற துணி ஒரு பிட்டு சேரக் கூடாது. உள்ளுக்கும் இதுதான், வெளிக்கும் இதுதான்" என்றார் ராஜப்பன்.

"உள்ளுக்குப் பழைய வேட்டி வெச்சா நல்லா மெத்துனு இருக்குங்க, ஐயா."

"மெத்துனு இருக்க வேண்டாம். இதுவா இருந்தாப் போதும்."

"யாரு சேலைங்க?"

"என் வூட்டுக்காரிது. போயிச் சேந்துட்டா."

மிஷின் சத்தம் நின்றது. ரஹமத் பீவி மூட்டையைத் தன் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டாள். "போனவங்க துணிக்கு நான் மிஷின் போடறதில்லீங்க. கையிலதான் நூலோட்டுவேன். நாளாவும், பரவால்லியா?"

மிஷின் எதற்கு வேண்டாம் என்கிறாள்? நாள் கடத்தவா? ராஜப்பன் அதையும் மனதில் போட்டுக்கொண்டார். "வந்து வந்து பாப்பேன்" என்றார்.

"வாங்க. டீ வெச்சுத் தர்றேன்" என்றாள் நஜ்மா. "எங்களுக்கும் வாட்ச்மேன் யாரும் இல்ல."

அடுத்த சந்தை நாளில் போனார். முன்கட்டில் ஆள் இல்லை. பாய் சுருட்டிக் கிடந்தது. கட்டிலில் ரஹமத் பீவி இரண்டு கைகளையும் விரித்துப் போட்டுப் படுத்திருந்தாள். விரல்கள் உப்பி, மணிக்கட்டு வரை நீர்க் கொப்புளம். நூலைப் பல்லில் கடித்திருப்பாள் போல, உதடும் வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.

அவரைப் பார்த்ததும் நஜ்மா கொல்லையிலிருந்து வந்தாள். "பெரியவரே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. உங்க வூட்டம்மா என்ன சீக்குல போனாங்க?"

"நெஞ்சு வலி."

"நெஞ்சு வலிக்காரங்க துணியைத் தொட்டா இப்பிடி ஆவுமா? தெருவே சொல்லுது, அந்தம்மாவுக்கு ஏதோ பெரிய தோல் வியாதி, அதான் துணியைத் தலை முழுவி இங்க தள்ளிட்டாங்கன்னு."

"அவளுக்கு ஒரு சீக்கும் கெடையாது."

"அப்ப எங்கம்மா கையைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ராஜப்பன் பார்த்தார். பார்க்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. சாலம்மாள் ஒருநாள் மருந்து என்று வாங்கிச் சாப்பிட்டவள் அல்ல. அவளுக்குப் பெரிய வியாதி என்று இந்தத் தெருவில் பேசுகிறார்கள். சந்தைக்கு வருகிற நாலு பேர் காதில் விழுந்தால் ஊருக்கும் போய்விடும். வாயைத் திறந்தால் தன் மானம் போகும். மூடிக்கொண்டிருந்தால் செத்தவள் மானம் போகும். இரண்டும் வேண்டாம், மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவர் மனம் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தது.

நஜ்மா திரும்பிக் கொல்லைக்குப் போனாள். சேலைகள் காய்ந்த தென்னை மட்டையின் மேல் குவிந்து கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தாள். தீப்பெட்டியை எடுத்தாள்.

"கொளுத்தாத. புகை பட்டா உன் கண்ணு போயிரும்."

அவள் கை நின்றது. "ஏன்?"

"சேங்கொட்டை. நான்தான் வெச்சேன். எல்லாச் சேலையிலயும்."

"எதுக்கு?"

"நீங்க மாத்திப்புடக் கூடாதுன்னு."

நஜ்மா அவரையே பார்த்தாள். பிறகு குவியலைப் பார்த்தாள். "இதை மாத்தி வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்? கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கா போவப் போறோம்?"

ராஜப்பன் சந்தைக்குப் போய் எள்ளும் கொப்பரையும் வாங்கி வந்தார். சேங்கொட்டைப் புண்ணுக்கு அதை அரைத்துப் பூசுவார்கள் என்பது மட்டும் தெரியும். நஜ்மா வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. டீயும் வரவில்லை.

பூசி முடித்ததும் ரஹமத் பீவி வீங்கிய உதட்டோடு மெதுவாகப் பேசினாள். "அந்தம்மாவை நாங்க தப்பாப் பேசிட்டோம். தெருவுல நானே சொல்லிடறேன், அவங்களுக்கு ஒரு நோவும் இல்லேன்னு."

"சொல்லும்மா" என்றார் ராஜப்பன்.

"உங்களைப் பத்தியும் சொல்லுவேன்."

"சொல்லு."

"கை ஆறட்டும், தெக்கறேன். ஆனா குறி வெச்ச எடத்தையெல்லாம் மொதல்ல வெட்டியெடுத்துக் குழியில போட்டு மூடிடுவேன். ஒரு புள்ளி இருந்தாலும் தொட மாட்டேன். அப்பிடி வேண்டாம்னா இப்பவே கட்டி எடுத்துட்டுப் போங்க. எனக்கு வருத்தமில்ல."

புள்ளி போனால் எல்லாம் போன மாதிரிதான். தைத்து வருவது சாலம்மாளின் சேலையா, முன்கட்டில் குவிந்து கிடக்கும் யாரோ ஒருத்தியின் சேலையா என்று கேட்க அவரிடம் ஒன்றும் மிஞ்சாது. மூட்டையைத் திருப்பிக்கொண்டு போனால் மகளுக்கு என்ன சொல்வது? இந்த நிலையில் வேறு யார்தான் இதைத் தொடுவார்கள்? ராஜப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெட்டிப்புடு" என்றார். "குழி மூடறப்ப நான் இருக்கணும்."

"இருங்க. மண்ணும் நீங்களே தள்ளுங்க" என்றாள் நஜ்மா.

அன்றைக்கே அவள் கையில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு கத்திரி போட்டாள். கறுப்புப் புள்ளி விழுந்த இடமெல்லாம் குழிக்குப் போயின. மண்ணைத் தள்ளியது ராஜப்பன்தான். எஞ்சியதை நஜ்மா சோப்பில் ஊறவைத்து, அலசி, மறுபடியும் ஊறவைத்தாள். அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று அவர் அதன் பிறகு வரவில்லை. ரஹமத் பீவியின் கை ஆறி, தோல் உரிந்து, ஊசி பிடிக்க வெகு நாளாயிற்று.

தைத்து முடித்த செய்தி வந்ததும் சுகுணா ஓசூரிலிருந்து நேராகக் காரிமங்கலம் வந்துவிட்டாள். ராஜப்பனும் போனார். ரஹமத் பீவி போர்வையைப் பாயில் விரித்தாள். அவள் விரல்களில் இன்னும் கறுப்புத் தழும்பு இருந்தது. முழத்துண்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் உள்ளங்கை அகலச் சின்னச் சின்னத் துண்டுகள். குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல் ஓடியிருந்தது.

சுகுணா மண்டியிட்டு உட்கார்ந்து தடவினாள். "இது எனக்குக் காது குத்துனப்பக் கட்டுன சேலை. இந்த ஊதாப் பூப்போட்டது என் மொதச் சம்பளத்துல நான் எடுத்துக் குடுத்தது. இது தெனமும் காட்டு வேலைக்குக் கட்டிக்கிட்டுப் போவாங்களே, அப்பா, அது." போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நீங்களும் பாருங்க, ஐயா" என்றாள் ரஹமத் பீவி. "உங்களுக்குத் தெரியாததா?"

ராஜப்பன் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். சாலம்மாளின் குரல் நினைவிருந்தது. களைக்கொத்து பிடிக்கும் கை நினைவிருந்தது. அடுப்பை ஊதும்போது வரும் இருமல்கூட நினைவிருந்தது. அவள் என்றைக்கு என்ன கட்டியிருந்தாள் என்று ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. பச்சை, ஊதா, மஞ்சள். எல்லாம் யாருடையதாகவும் இருக்கலாம்.

"துணி துணியாத்தான் இருக்குது" என்றார்.

"அப்பா, இது அம்மாதுதான்."

"உனக்கு அப்பிடித் தோணுது. தோணட்டும்."

நஜ்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரஹமத் பீவி கண்ணாலேயே அடக்கினாள். ராஜப்பன் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். உள்ளே மகள் அழுவது கேட்டது. அவர் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

மூணு சேலைக்கு மகள் அடையாளம் சொல்லிவிட்டாள். மிச்ச ஆறு சேலைக்கு யார் பதில் சொல்வது?