பாதி உள்ளே போன இன்ஜின்

“சங்கிலிய வுட்டு அந்த இன்ஜின கீழ எறக்குங்க மாமா. நாலு பேரு புடிச்சி ரோட்டுல வச்சிடலாம். எங்க அக்கா எவ்ளோ நேரம் உள்ளயே கெடக்கும்?”

“அத வெளிய எடுக்க மாட்டேன் முருகா.”

“பொணம் போற வழியில இன்ஜின் தொங்குது. கேட்டா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

சந்தில் அப்பாவும் முருகவேல் மாமாவும் போட்ட சண்டை, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சிந்துஜாவுக்கு நன்றாகவே கேட்டது. சேதி கேட்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள் அவள். இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

வேங்கிக்கால் வீட்டுக்கு அந்தச் சந்து ஒன்றுதான் வழி. அதை அடைத்துக்கொண்டு அம்பாசிடர் நின்றது. இரண்டு பக்கச் சுவர்மேலும் இரும்புக் கர்டரைப் போட்டு, பானெட்டுக்கு நேராகச் சங்கிலியில் டீசல் இன்ஜினைக் கட்டியிருந்தார் அப்பா வேடியப்பன். பக்கத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு டாக்சி ஓட்டுகிறவர். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு பழைய டீசல் இன்ஜினை வாங்கி, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றி, வீட்டிலேயே வேலை பார்த்தார். அம்மா உண்ணாமலைதான் கையாள்.

கியர்பாக்ஸின் தண்டு இன்ஜினுக்குள் நுழைய வேண்டும். பல்லோடு பல் சேர்ந்தால்தான் நுழையும். நேற்று சாயங்காலம் அப்பா வண்டிக்கு அடியில் படுத்துச் சொல்லச் சொல்ல, அம்மா மேலே நின்று இன்ஜினின் முன்பக்கப் புல்லிச் சக்கரத்தைக் கையால் திருப்பினாள். பாதி போயிற்று. “களைப்பா இருக்குது. மீதிய காலைல பாத்துக்கலாம்” என்று போய்ப் படுத்தவள், எழுந்திருக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அப்பா இதையேதான் சொன்னார். இன்ஜின் முழுசாக உள்ளேயோ வெளியேயோ போகாமல் வண்டியைத் தள்ளவும் முடியாது.

“பக்கத்து ஊட்டு வழியா தூக்கிடலாமே?” என்றது ஒரு குரல்.

“எவடா பொணத்த தன் ஊட்டுக்குள்ள வுடுவா?” அப்பாவின் அக்கா தங்கம்மாள் எழுந்து சந்துக்குப் போனாள். “டேய் வேடி, அவளே போய்ட்டா. இன்னும் எதுக்குடா இந்த இரும்ப கட்டிக்கினு அழுவுற?”

“பாதி வரைக்கும் அவ உள்ள வுட்டது, அக்கா. அத உருவி வெளிய எடுன்றியா?”

அத்தை சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். முருகவேலும் முனகிக்கொண்டே சங்கிலியைப் பிடித்தான்.

அப்பா வண்டிக்கு அடியில் போனார். “கொஞ்சம் எறக்கு. இன்னும். போதும் போதும்.” பிறகு அடியிலிருந்தே, “உண்ணா, லேசா திருப்பு” என்றார்.

அம்மாவை அவர் கூப்பிடுவது அப்படித்தான். அப்பா சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. காத்திருந்தார்.

சிந்துஜா எழுந்து வந்தாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழைந்து, பானெட்டுக்குள் குனிந்தாள்.

“எந்தப் பக்கம்பா?”



“உங்கம்மா மாவாட்டற மாதிரி திருப்புவா. அதே பக்கம். அழுத்தாத.”

புல்லி சில்லென்றிருந்தது. திருப்பினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். உள்ளங்கைக்குள் ஏதோ மாட்டியது போலிருந்தது. அடுத்த நொடி தடக்கென்று இன்ஜின் முழுசும் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

“உக்காந்துடுச்சி மாமா!” என்று கத்திய முருகவேல், சட்டென்று நினைவு வந்தவனாய்க் குரலைத் தாழ்த்தி, “உக்காந்துடுச்சி” என்றான்.

அடியில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அப்பாவின் கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அவரை யாரும் வெளியே வரச் சொல்லவில்லை.

அவராக வந்தபின் சங்கிலியை அவிழ்த்து, வண்டியை ரோட்டுக்குத் தள்ளினார்கள். வண்டி நின்ற இடத்தில் பெஞ்சு போட்டு, சுற்றிலும் புடவையைத் திரையாகப் பிடித்து, அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். வலதுகை நகக்கண்ணில் இருந்த கருப்பு, சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“பொம்பள கையாடி இது? மெக்கானிக்கு கை” என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அந்தக் கையைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“வுடுங்க அத்தே, இருக்கட்டும்” என்று சொன்ன சிந்துஜாவின் நகத்திலும் அதே கருப்பு.

அம்மா கடைசியாகக் கட்டியிருந்த நூல் புடவையைச் சுருட்டி வெளியே போடச் சொன்னாள் அத்தை. இடுப்புப் பக்கம், கை துடைத்த இடத்தில், நாலு விரல் கருப்பாகப் பதிந்திருந்தது. சிந்துஜா அதை மடித்து எடுத்துப் போய், ரோட்டில் நின்ற வண்டியின் டிக்கியில் வைத்து மூடினாள்.

அது நடந்து சில வருஷங்களாகிவிட்டன. அம்பாசிடர் டீசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் துவைக்காத புடவைதான் மடிப்பு மடிப்பாக இற்றுப்போகிறதாம்; சிந்துஜா சொன்னாள். இன்ஜின் ஆயில் பட்ட நூல் புடவையை, துணியும் கிழியாமல் கறையும் போகாமல் வைத்திருக்க, இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். சிந்துஜாவிடம் சொல்லிவிடுகிறேன்.