ஈரக்கையும் மடங்காக் கத்தியும்

டைல்ஸ் கடையில் கணக்கு எழுதும் அந்த மனிதரை நேரில் யாரும் வாத்தியார் என்று கூப்பிட்டதில்லை. போனுக்குள் மட்டும் அவர் வாத்தியார். 'மடங்காக் கத்தி அன்பர்கள்' என்று ஒரு குழு. மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கத்தியெல்லாம் அவர்களுக்குக் கத்தியே அல்ல. பழம் நறுக்குகிறவர்கள் வைத்திருக்கும் சமாச்சாரம். அன்பர்களில் பாதிப் பேர் காட்டுப் பக்கமே போனதில்லை. மீதிப் பேர் போய், கொசு கடிக்கிறதென்று அன்றைக்கே திரும்பி வந்தவர்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் நம் கணக்கரைக் 'கத்தி வாத்தியார்' ஆக்கினார்கள்.

பட்டம் சும்மா வரவில்லை. நடுத்தர அளவில் மூன்று மடங்காக் கத்திகளை ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பெரிய கத்தி வீம்புக்கு, சின்னக் கத்தி விளையாட்டுக்கு, நடுத்தரமே நாகரிகம் என்று ஆரம்பித்தது கட்டுரை. மூன்றையும் சமையலறைத் தராசில் எடை போட்டார். மகளின் ஸ்கேலால் அளந்தார். ஒவ்வொன்றையும் ஆள்காட்டி விரலின் மேல் படுக்க வைத்து, எங்கே சாயாமல் நிற்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முதலாவது மரப்பிடி, பாரமெல்லாம் பின்பக்கம், விரலிலிருந்து வாலாட்டிக்கொண்டு விழுந்தது. இரண்டாவது கறுப்பு ரப்பர்ப் பிடி. அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை, 'தேய்ந்த செருப்பு' என்று இரண்டே வார்த்தையில் தள்ளிவிட்டார். மூன்றாவதுதான் ராஜா. கண்ணாடி மாதிரி மெருகேற்றிய பிடி. பிடிக்கும் அலகுக்கும் நடுவே மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் வழவழவென்று ஒரே கோடு. விரலில் வைத்தால் தியானம் செய்வதுபோல நின்றது. காகிதத்தை வெட்டியது, தக்காளியை வெட்டியது. 'கையோடு கூடப் பிறந்தது' என்று தீர்ப்பை முடித்தார் வாத்தியார். அன்பர்கள் உருகிப்போனார்கள்.

ராஜாவில் இரண்டு வாங்கி, ஒன்றைத் தங்கை புருஷனுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஏரியில் வேலை. தண்ணீரில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் மீன் வளர்க்கிற பண்ணை. கயிறும் வலையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கத்தியைக் கொடுக்கும்போது சமநிலை பற்றி அரைமணி நேரம் பேசினார் வாத்தியார். மாப்பிள்ளை கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

இன்று விடுமுறை. வாத்தியார் சாப்பாட்டு மேஜையில் ராஜாவுக்கு எண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இங்க என் கத்தி பிடி கழண்டு ஆடுது. அந்த ராஜாவைக் கொஞ்சம் அனுப்பி வைக்கிறீங்களா? மீனுக்குத் தலை வாங்கணும்."

"இதெல்லாம் நீ பிடிக்கிற கத்தி இல்ல. நானே வரேன், தள்ளு."

"வாங்க வாங்க. பேப்பர் வெட்டின கைதானே."

வாத்தியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். இடது கையால் மீனை அமுக்கினார், கொழகொழவென்று நழுவியது. கை மாற்றிப் பிடித்து, வழிந்ததைத் துடைக்காமலேயே கத்தியை எடுத்து, தலைக்குக் கீழே முனையைக் குத்தி அழுத்தினார். முனை எலும்பில் முட்டி நின்றது. கத்தி நின்றது, கை நிற்கவில்லை. மெருகேற்றிய பிடியின் மேல் சறுக்குமரத்தில் போவதுபோலப் போய், விரல்கள் அலகின் மேல் ஏறின. அலகின் அடியில் கூர் தீட்டாமல் விட்ட நகத்தளவு இடம் ஒன்று இருந்தது. விரல் அங்கே நின்றதால் விரலாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு கோடு.

கத்தி தொட்டியில் விழுந்தது. மனைவி குழாயைத் திறந்து அவர் கையை நீட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, கீறல்தான். எதுக்கு இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

வேர்த்தது தன் விரலுக்காக இல்லை. நாளெல்லாம் ஈரக்கையோடு நிற்கிற ஒரு மனிதரிடம் அவர் இந்தக் கத்தியைக் கொடுத்திருந்தார். மூன்று கத்தியையும் எத்தனையோ விதமாகச் சோதித்தவர், கையை ஒரு தடவை தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிடித்துப் பார்க்கவில்லை. தோன்றவே இல்லை. நனைந்தால் மெருகு போய்விடும் என்றுதான் தோன்றியது.

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டார்.

"அவரு போனைக் கரையிலயே வச்சிட்டுத்தான் கூண்டுக்குப் போவாரு, தெரியாதா? இன்னிக்கு வலை மாத்துற நாள் அண்ணே. கயிறு முழுக்க அறுக்கணுமாம். உங்க கத்தியைத்தான் இடுப்புல சொருகிட்டுப் போனாரு. பழசைத் தொடறதே இல்ல. என்ன அண்ணே, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

சும்மாதான் என்று சொன்னவர், வீட்டுச் செருப்போடு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஒவ்வொரு சிக்னலிலும் மாப்பிள்ளையின் கை கண்முன்னே வந்தது: தங்கையின் பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பெரிய கை. கயிறு அறுப்பவர்கள் கத்தியைத் தங்கள் பக்கமாக இழுத்துத்தானே அறுப்பார்கள்? கயிறு சட்டென்று விட்டுக்கொடுத்தால்? இத்தனை பயத்துக்கு நடுவிலும் வாத்தியாரின் மூளையில் ஒரு மூலை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விஷயத்தை எப்படிச் சொல்வது? 'தப்பு' என்ற சொல் வராமல் ஏதாவது? 'ஈரச் சூழலுக்கான கூடுதல் குறிப்பு' என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பின்னால் லாரி ஹாரன் அடித்தபோதுதான் பச்சை விழுந்து வெகுநேரமானது தெரிந்தது.

ஏரிக்கரையில் காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்து, மிதவை அங்கி ஒன்றை மாட்டிவிட்டார். குழந்தைக்குத் தைத்த அளவு. சாப்பாட்டுக் கேரியர்களைக் கொண்டுபோகும் மோட்டார் படகில் ஏற்றி விட்டார். தண்ணீருக்கு நடுவே, பீப்பாய்களின் மேல் பலகை அடித்த நடைபாதையும் அதைச் சுற்றிக் கூண்டுகளும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. பாசி ஏறிய பழைய வலையை நாலைந்து பேர் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மண்டியிட்டிருந்தார். முழங்கை வரை பச்சைச் சேறு. கையில் ராஜா.

ஐந்து விரலும் இருந்தன.

"அட, மச்சான்!" என்று மாப்பிள்ளை கத்தியை ஆட்டினார். "டேய், இவருதான்டா! நான் சொல்லல, கத்தி வாத்தியார்!"

நடைபாதையின் நடுவில் குடையோடு நின்றிருந்த பண்ணை மேனேஜர் திரும்பினார். தன் செருப்பு நனையாமல் அடுத்தவர்களை வேலை வாங்குவதில் தேர்ந்தவர் அவர்.

"நீங்கதானா அது! உங்க கட்டுரையை இவரு காட்டினாரு. படிச்சுப் பார்த்தேன். என்ன ஞானம் சார்! எல்லா ஆளுக்கும் இதே கத்தியை வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு வார்த்தை பேசுங்க, பசங்க கேட்கட்டும்."

ஒரு மேடை, குடை பிடித்த ஒரு தலைவர், மரியாதையாக நிமிர்ந்து பார்க்கும் முகங்கள். வாத்தியார் வாழ்நாள் முழுக்க ஏங்கியது இதற்குத்தான். தொண்டையைச் செருமினார். "ஒரு கத்திங்கறது..." என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். இறுகிப்போன கயிற்றுக்கடியில் அலகைக் கொடுத்து, தன் வயிற்றுப் பக்கமாக இழுக்கத் தொடங்கினார். விரல்கள் பிடியில் மெல்ல ஏறுவது வாத்தியாருக்கு மட்டும் தெரிந்தது.

"மாப்ள, நிறுத்துங்க!"

எல்லாரும் நிறுத்தினார்கள்.

"அந்தப் பிடி சரியில்ல. ஈரக்கையில வழுக்கும். விரல் போயிடும். நான் எழுதினது..." கூடுதல் குறிப்பு எங்கோ ஓடிவிட்டிருந்தது. "நான் எழுதினது தப்பு."

மாப்பிள்ளை சிரித்தார். "மச்சானுக்கு என்னைக்குமே தன்னடக்கம்."

"இல்ல மாப்ள, நிஜமா. காலையில நானே கையை அறுத்துக்கிட்டேன். பாருங்க."

"இதுவா? நகம் பட்ட மாதிரி இருக்கு."

தாடி வைத்த தொழிலாளி ஒருவர் எட்டிப் பார்த்தார். "எங்க அத்தை பூனை இதைவிட நல்லாக் கீறும் சார்."

மேனேஜர் குடையைத் தோளில் சாய்த்து, போனை எடுத்து, கட்டுரையைத் திறந்தார். "சார், பதட்டப்படாதீங்க. நீங்களே சொல்லியிருக்கீங்க பாருங்க: 'கையோடு கூடப் பிறந்தது. இதைக் குறை சொல்பவருக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாதென்று பொருள்.'" வாத்தியாருக்கே வாத்தியாரை வாசித்துக் காட்டினார். "எவ்வளவு தெளிவா இருக்கு! இதுக்கு மேல என்ன சந்தேகம்?"

"அதை எழுதினவனே சொல்றேன் சார், தப்புன்னு!"

"எழுதும்போது நிதானமா இருந்திருப்பீங்க. இப்ப வெயில்ல வந்திருக்கீங்க. யாராவது சாருக்குத் தண்ணி குடுங்கப்பா."

ஊரில் ஒருத்தர் அவர் எழுத்தை மறுத்திருந்தால் நாள் முழுக்கச் சண்டை போட்டு ஜெயித்திருப்பார். இன்று அவரே மறுக்கிறார். கட்டுரை அவரை ஜெயித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மறுபடியும் கயிற்றை இழுத்துப் பிடித்தார். கயிறு முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது.

"குடுங்க மாப்ள. நான் அறுத்துக் காட்டறேன்."

"நீங்களா?"

"வாத்தியார் காட்டட்டும்யா, கத்துக்குவோம்" என்றார் மேனேஜர்.

மண்டியிட்டபோது வேட்டியின் ஓரம் சேற்றில் தோய்ந்தது. வலையைப் பிடித்து இரண்டு கையிலும் பாசியை நன்றாக அப்பிக்கொண்டார். கத்தியை வாங்கினார். நனைந்த பிறகும் என்ன அழகு! வெயில் பிடியில் புரண்டது. விரலில் வைத்தால் இப்போதும் சாயாமல் நிற்கும். அவர் கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, கயிற்றை அறுப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்து, விரல்களை விரித்தார்.

பளக்.

வெள்ளியாக ஒரு முறை திரும்பி, பச்சைத் தண்ணீருக்குள் இறங்கி, காணாமல் போனது.

முதலில் சிரித்தது தாடிக்காரர். பிறகு நடைபாதையே ஆடும்படி எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தார்.

"என்ன மச்சான் இது! ஒரு கத்தியைப் பிடிக்கத் தெரியல உங்களுக்கு?"

வாத்தியாரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது: வேணும்னுதான்யா போட்டேன். சொல்லியிருந்தால் அவர் மானம் பிழைத்திருக்கும். மாப்பிள்ளையும் நாளைக்கே அதேபோல இன்னொன்று வாங்கியிருப்பார். வாத்தியார் தன் வெறும் கையைப் பார்த்தார்.

"வழுக்கிடுச்சு மாப்ள."

மேனேஜர் போனை மடியில் செருகினார். முகத்தில் இருந்த பக்தி கழன்று விழுந்திருந்தது. "எழுதினவர் கையிலேயே நிக்கல. நம்ம ஆளுங்க கையில எங்க நிக்கும்? அந்த ஆர்டர் வேண்டாம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "போன்ல யாரு வேணா வாத்தியார் ஆகிடலாம் போல" என்றார்.

தாடிக்காரர் தன் இடுப்பிலிருந்த கத்தியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். அலகுக்கும் பிடிக்கும் நடுவே கட்டை விரல் தடிமனுக்கு ஒரு தடுப்பு இருந்தது. மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே வாங்கி, கயிற்றுக்கடியில் கொடுத்து இழுத்தார். கயிறு சட்டென்று அறுந்து, கை வேகமாகப் பின்னால் வந்து, தடுப்பில் முட்டி நின்றது. முட்டிய சத்தம் வாத்தியாருக்குக் கேட்டது. மாப்பிள்ளைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

திரும்பும் படகில் யாரும் அவரை வாத்தியார் என்று கூப்பிடவில்லை. "பெரியவரே, ஓரமா உக்காருங்க" என்றார் படகு ஓட்டியவர். வீட்டுக்கு வந்து சேற்று வேட்டியை ஊற வைத்துக்கொண்டிருந்தபோது தங்கை கூப்பிட்டாள்.

"என்ன அண்ணே பண்ணி வச்சிருக்கீங்க? அவரு வந்ததிலேருந்து குதிக்கிறாரு. புதுக் கத்தியை ஏரியில போட்டுட்டீங்களாமே!"

"ஆமா. இப்ப என்ன பண்றாரு?"

"என்ன பண்ணுவாரு? பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடிட்டு இருக்காரு. அப்படியே உங்களைத் திட்டிட்டும் இருக்காரு."

"திட்டட்டும்மா" என்றார் அவர்.