டெஸ் உயர்த்திய வெள்ளம்

இங்கிலாந்தின் மார்லக் ஊர்க்காரர்களுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள இரண்டே விஷயங்கள்தான். ஒன்று செவர்ன் ஆறு. இன்னொன்று, அந்த ஆறு தங்களை எவ்வளவு மோசமாக மூழ்கடித்தது என்பது. மற்ற ஊர்க்காரன் வெள்ளம் வந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். மார்லக்காரன் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பார்த்துச் சுவரில் கல் பதித்து, கோடு கிழித்து, வருஷத்தையும் செதுக்கி வைப்பான். யார் வீட்டுக் கோடு உயரமோ அவன் பேச்சுக்கு ஊரில் மரியாதை.

அந்த மரியாதைதான் இப்போது தெல்மா பர்கிஸின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவள் வாசல் கதவுக்குப் பக்கத்தில், நெற்றிக்கு நேராக, '1852 வெள்ளம்' என்று ஒரு கல். வீடு வாங்க வந்த மூன்று பேரும் கல்லைப் பார்த்தார்கள், ஆற்றைப் பார்த்தார்கள், வந்த வழியே போய்விட்டார்கள். தெல்மாவுக்கு எழுபத்துநாலு வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏறுகிறாள். மேட்டுத் தெருவில் படியே இல்லாத ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் இது விற்றால்தான் அது கிடைக்கும்.

இத்தனைக்கும் அந்தக் கல் சொல்வது பச்சைப் பொய். சொல்ல வைத்தவன் அவள் புருஷன் டெஸ்.

எதிரே 'கறுப்பு விலாங்கு' பப். அதன் சுவரில் அதே வெள்ளத்துக்குத் தோள் உயரத்தில் ஒரு கல். டெஸ் வீட்டுக் கல் அப்போது முழங்கால் உயரத்தில் இருந்தது. தெருவுக்கு இந்தப் பக்கம் முழங்கால், அந்தப் பக்கம் தோள் என்றால் தண்ணீர் என்ன சாய்ந்தா நிற்கும்? பப்காரக் கிழவர் எப்போதோ சுவர் பூசும்போது கல்லைத் தூக்கி வைத்துவிட்டார் என்பது டெஸ்ஸின் தீர்ப்பு. 1977இல் ராணியின் வெள்ளிவிழாவுக்கு ஊரே ஆற்றங்கரையில் கேக் தின்றுகொண்டிருந்த மதியம், அவன் உளியை எடுத்தான். தன் கல்லைப் பெயர்த்து, பப் கல்லைவிட ஒரு சாண் மேலே பதித்தான். கல் சாயாமல் நிற்க ரசமட்டம் பிடித்தது தெல்மா. சிரித்த சிரிப்பில் மூன்று முறை கோணலாகப் பிடித்தாள்.

மறுநாள் பார்த்த ஊர், கல் எப்போதும் அங்கேதான் இருந்தது என்று சத்தியம் செய்தது. பப்காரர் மட்டும் உர்ரென்று இருந்தார், வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு, ஊரின் பழஞ்சின்னங்களைக் காக்கும் மரபுச் சங்கத்தின் தலைவர் லயனல் ஹாதர்லி இந்த ஒரு சாண் வித்தியாசத்துக்கு 'நீரோட்டத்தின் விசித்திரம்' என்று பெயர் வைத்துத் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதினார்.

சங்கத்தின் அனுமதி இல்லாமல் அந்தக் கல்லைத் தொட முடியாது. ஆகவே தெல்மா நூலகத்துப் பின்னறையில் கூடிய கூட்டத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"நாப்பத்தேழு வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கீங்க, மிஸஸ் பர்கிஸ்!" லயனலின் முகம் சுண்டிவிட்டது.

"ஊரை எங்கங்க ஏமாத்தினோம்? பப்பைத்தான் ஏமாத்தினோம். அவங்க கல்லும் மேல ஏறின கல்லுதான்."

பப்காரரின் மகன், இப்போது பப்பை நடத்துகிற பார்னி டக்கும் அந்தச் சங்கத்தில் உறுப்பினன். வாய் நிறைய பிஸ்கட்டுடன் கேட்டான்: "சாட்சி இருக்கா, கண்ணு? எங்கப்பாவுக்கு ரசமட்டம் புடிச்சுக் குடுக்க உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்தாங்களா என்ன?"

சாட்சி இல்லை. ஆகவே தெல்மாவின் கல் முழங்காலுக்கு இறங்கலாம், பப்பின் கல் அப்படியே இருக்கலாம் என்று தீர்மானமானது. இனி அதுவே ஊரின் உச்ச வெள்ளம் என்பதால், வரலாற்றுச் சின்னங்களுக்கு மாட்டுகிற நீல வட்டப் பலகை ஒன்றும் அதற்குக் கிடைக்கும். கல்லை இறக்கும் வேலையைப் பார்னியே கேட்டு வாங்கிக்கொண்டான்.

"கூலி எவ்வளவு கேப்ப?" என்றாள் தெல்மா.

"கூலியா? இதுக்கு நான்தான் உங்களுக்குக் குடுக்கணும்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, முன்பு கல்லைப் பார்த்துத் திரும்பிப்போன, ஆனால் சமையலறை பிடித்துப்போன ஓர் ஆசிரியத் தம்பதி இரண்டாம் முறை வந்தார்கள். கல் தவறு, இறக்கப்போகிறார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்; கையெழுத்துப் போடும் முடிவோடுதான் வந்தார்கள். பார்னி ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தான். கீழே அவன் பப்பின் வாடிக்கையாளர்கள் நாலு பேர், கையில் பீர் கிளாஸோடு.

"பொய்க் கல்லும்மா இது!" பார்னி அந்தப் பெண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "இவங்க வீட்டுக்காரன் பண்ணின பித்தலாட்டம். நிஜ வெள்ளம் அதோ, எங்க சுவத்துல. கடைசியில டெஸ் முழங்காலுக்கு இறங்கிட்டான்டோய்!"

நாலு பேரும் கெக்கெக்கென்று சிரித்தார்கள். முதலில் தெல்மாவும் சிரித்தாள். உளியில் அடி விழ, டெஸ் குழைத்துப் பூசிய காரை பொலபொலவென்று அவள் செருப்பில் கொட்டியது.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் செருப்பைப் பார்த்தாள். டெஸ் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பித்தலாட்டக்காரன்தான், சந்தேகமே இல்லை. அதை அவள் சொல்லலாம், வாழ்ந்த காலத்தில் தினம் இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறாள். அதற்காக டக் குடும்பத்தில் பிறந்த ஒருத்தன், அவள் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டு சொல்வதா?

"இறங்கு, பார்னி."

"இன்னும் ரெண்டே அடிதான், கண்ணு."

"இறங்குன்னேன்! உளியை எடு. கல்லு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

ஆசிரியை கல்லைப் பார்த்தாள், பிறகு தெல்மாவைப் பார்த்தாள். "அப்போ... தண்ணி நிஜமாவே இவ்வளவு உயரம் வந்துச்சாங்க?"

மேட்டுத் தெரு வீடு தெல்மாவின் கண் முன்னால் வந்து போனது. பார்னி ஸ்டூலைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவா?" என்றாள் தெல்மா. "இதுக்கு மேலயும் ஒரு சாண் வந்துச்சும்மா. பாவம், கல்லு பதிச்சவருக்கு அதுக்கு மேல கை எட்டலை."

அவர்கள் தேநீருக்குக்கூட நிற்கவில்லை.